ஓரம் வரைக்கும் கூர்மை

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை, விலையால்தான் பார்க்கிறார்கள் என்பது கிழவரின் கட்சி. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆஹா, என்னமாத் தெரியுது” என்பான். பைனாகுலரின் மூடியைக் கழற்றாததையே கவனித்திருக்க மாட்டான்.

அந்த மாதிரி ஆட்கள் வந்துபோகும் கடையைத்தான் இன்று விடிந்தும் விடியாமலும் தட்டித் திறக்க வைத்திருந்தார். படகுத் துறையில் மாடி உள்ள கடை இது ஒன்றுதான். வராந்தாவில் நின்றால் அலைதடுப்புச் சுவருக்கு அப்பாலும் கடல் தெரியும்.

நேற்று மாலை புயல் கரைப்பக்கம் திரும்பியபோது எல்லாப் படகுகளும் கரை சேர்ந்துவிட்டன, அவருடைய இரண்டு மகன்களும் போன படகைத் தவிர.

கீழே கற்படியில் மருமகள்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி முழுக்க ஒருத்தி அழுதால் மற்றவள் அதட்டினாள். இப்போது இருவரும் கடலையே பார்த்தபடி இருந்தார்கள். 

கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் வாய் சும்மா இருக்காது. கிழவரின் கழுத்தில் தொங்கிய பழைய பைனாகுலரைப் பார்த்ததும், கண்ணாடி அலமாரியிலிருந்து உயர்ந்த ரகமாக இரண்டை எடுத்துவந்து கைப்பிடிச் சுவரில் வைத்தார்.

“இது மங்கல் வெளிச்சத்துல அடிச்சுக்க ஆளில்ல. அது ஓரம் வரைக்கும் கூர்மை. வெள்ளையா எதப் பாத்தாலும் சுத்தி ஊதாக் கலர் கசியாது. ரெண்டையும் பாத்து எது தேவலன்னு சொல்லுங்க பெரியவரே. வாங்க வேணாம், சும்மா பாருங்க.”

“சும்மா காட்டுறவன்தான் கடைசியில தலையில கட்டுவான்.”

தன்னுடையதையே எடுத்துக் கண்ணில் வைத்தார் கிழவர். படகின் இஞ்சின் அறைக் கூரையிலிருந்து ஒருமுறை விழுந்ததிலிருந்து அது கொஞ்சம் அடம்பிடிக்கும். கண்ணை இடுக்கிக்கொண்டால் வழிக்கு வந்துவிடும். இன்றைக்கு, விடிய விடிய விழித்த கண்ணில் இடுக்கக்கூடத் தெம்பில்லை.

சாம்பல் கடலில் ஒரு கரும்புள்ளி எழுந்தது. மறைந்தது. மறுபடி எழுந்தது.

சிவப்புத் துணி படபடத்தது. அவர் கையால் நட்டு, அவர் கையால் கட்டிய கொடி. வேறு எந்தப் படகிலும் அது கிடையாது.

பின்பக்கத்தில் ஒரு தலை. பக்கத்திலேயே இன்னொன்று.

சின்ன வயதிலிருந்தே எலியும் பூனையுமாக இருந்த பயல்கள், தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஒருவன் குனிந்தால் மற்றவனும் குனிந்தான். ஒருவன் நிமிர்ந்தால் மற்றவனும் நிமிர்ந்தான். ஒரு ராத்திரியில் கடல் என்னமாய்ச் சேர்த்து வைத்துவிட்டது!

“வந்துட்டானுங்க! ரெண்டு பேரும்!” என்று கீழே பார்த்துக் கத்தினார்.

எழுந்த இளையவள் அப்படியே மூத்தவள் மேல் சரிந்தாள்.

“நெஜமாவா மாமா?”

“என் கண்ணு பொய் சொல்லுமா? போங்கம்மா, ரெண்டு பேருக்கும் மாத்துத் துணி எடுத்துட்டு வாங்க!”

அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருவரும் வீட்டை நோக்கி ஓடினார்கள்.

“இதுல பாருங்க, பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும்.” கடைக்காரரும் சந்தோஷத்தில் மங்கல் வெளிச்சத்துக்கானதை நீட்டினார். கிழவரும் சந்தோஷத்தில் வாங்கினார்.

படகு தெரிந்தது. பலகையில் விரிசல் தெரிந்தது. மழைச்சட்டையின் தலைமூடியை முகம் மறைய இழுத்துவிட்டு, சுக்கானைப் பிடித்திருந்த ஒருவன் தெரிந்தான்.

அவன் பக்கத்தில் சுருட்டிய கயிறு மட்டும்தான் தெரிந்தது.



“வெளிச்சம் ஜாஸ்தி. கண்ணு கூசுது” என்று அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். முழங்கையைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் பார்த்தார்.

ஓரம் வரைக்கும் கூர்மைதான். முன்முனையிலிருந்து பின்முனை வரை கயிறு, கூடை, வலை, ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஊதா கசியவில்லை. ஓர் ஆளை ஒளித்துவைக்க அதில் மங்கலான இடமே இல்லை.

“எது தேவல?”

“ரெண்டும் தண்டம்.” பைனாகுலரைக் கடைக்காரர் பக்கம் நீட்டினார். “இதுல ஒரு ஆளக் காணோம்.”

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. அவர் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கிழவரின் பழைய பைனாகுலரைக் கேட்டு வாங்கி, அதிலும் பார்த்துவிட்டு மெல்ல இறக்கினார்.

“பெரியவரே, உங்க படகுக்குக் கொடிக்கம்பம் எத்தன?”

“ஒண்ணு. நட்டவன் நானு, எனக்குத் தெரியாதா?”

“இதுல ரெண்டு தெரியுது.”

கிழவர் அதைப் பிடுங்கிக்கொண்டார். “உன் கண்ணக் கொண்டுபோய் யார்கிட்டயாவது காட்டு.”

“இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும். புதுசுல பாத்தா முகமே தெரியும். யாருன்னு...”

“என்னய்யா யாருன்னு? அதான் ரெண்டு பேரும்னு சொல்றேன்ல!”

கடைக்காரர் புதியவை இரண்டையும் எடுத்து மூடி போட்டு வைத்தார். 

கிழவர் விடுவிடுவென்று படியிறங்கினார். ஏமாற்றுச் சரக்கு. விலை ஏற ஏற, நிற்கிற ஆளையே முழுங்கிவிட்டுக் காட்டுகிறது. இதை நம்பி வாங்குகிறவனைச் சொல்ல வேண்டும்.

தெருமுனையில் மருமகள்கள் ஆளுக்கொரு துணி மூட்டையை மார்போடு அணைத்தபடி ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

கிழவர் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. தன் பழைய பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தார். தோளோடு தோள், இரண்டு பேர். அவர்கள் தலைக்கு மேலே சிவப்புத் துணிகள் ஆடின.

கண்ணை மட்டும் இடுக்காமல், அப்படியே பார்த்தபடி துறையை நோக்கி நடந்தார்.