ஏழாவது மரியே

உதடு அசையவில்லை. செபம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் வாயை இறுக மூடிப் பார்த்தான். அப்போதும் ஓடியது. மூச்சை இழுத்தால் 'அருள் நிறைந்த மரியே', விட்டால் 'வாழ்க'. யாரோ உள்ளே உட்கார்ந்து அவனுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வந்துவிட்டது.

இரண்டு வருஷமாகக் கேட்டுக் கிடைக்காதது, காலை வெயிலில், நடுக்கடலில், ஒரு வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது வந்துவிட்டது.

கையில் கயிறு இருந்தது. அதன் மறுமுனை இஞ்ஞாசியின் இடுப்பில். இஞ்ஞாசி ஏழு பாகம், ஏறக்குறைய நாற்பதடி ஆழத்தில் மூச்சடக்கிச் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தான். கூட வர வேண்டிய மூன்றாவது ஆளுக்குக் காய்ச்சல். வள்ளத்தில் இவர்கள் இரண்டு பேர்தான்.

கயிறு பிடிக்க அந்தக் கரையில் கண்டவனை நம்ப மாட்டார்கள். சங்கு குளிக்கிறவனின் மனைவிக்கு அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவளைத் தாலி அறுக்க விடுவானா? அந்த நம்பிக்கைதான்.

"அண்ணே, கயித்த நீ புடிச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்று இன்று காலையும் தங்கை செலஸ்தீனா கரையில் நின்று சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கணக்கு வராது. ஆனால் கயிறு பிடித்த ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் எண்ணிக்கை பிசகியதில்லை. கடிகாரமெல்லாம் உப்புத் தண்ணீரில் எத்தனை நாள் உழைக்கும்? செபம்தான் கடிகாரம். இஞ்ஞாசியின் தலை தண்ணீருக்குள் போனதும் முதல் மரியே செபம். ஆறு முடிவதற்குள் அவன் கீழிருந்து சுண்ட, கயிறு ஒரு வெட்டு வெட்டும். இவன் இழுப்பான். வெட்டாவிட்டாலும் ஏழாவது மரியேக்கு இழுத்துவிட வேண்டும்.

எட்டு என்ற பேச்சே கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முந்தின தவக்காலத்தில் தியானம் கொடுக்க ஒரு வெளியூர்ச் சாமியார் வந்தார். "எண்ணாதீங்க. செபமாலை மணியைக் கீழ வைங்க. மூச்சோட விடுங்க. ஒருநாள் அது தானா ஓடும்" என்றார். மற்றவர்கள் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அவனுக்கு மட்டும் அது நெஞ்சில் தைத்துவிட்டது.

அன்றிலிருந்து பல் தேய்க்கும்போது செபம். பஸ்ஸுக்கு நிற்கும்போது செபம். "கொழம்பு ஊத்தவான்னு கேட்டா ஆமென்ங்கீங்க" என்று வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

கயிறு பிடிக்க உட்காரும்போது மட்டும் எண்ணுவான். அதில் விளையாட்டு கிடையாது.

இன்றும் எண்ணித்தான் தொடங்கினான்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

அதற்குப் பிறகுதான் உதடு நின்றுபோனது.

அவனுக்குக் கண் நிறைந்தது. மாதாவே, எனக்கா என்று நினைத்தான். நினைக்கும்போதும் அது பாட்டுக்கு ஓடியது. இப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றுகூட அறிந்ததில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. ஒரு பறவைகூட இல்லை. இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

கயிறு வெட்டவில்லை.

இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தான். எத்தனையாவது என்று தேடிப் பார்த்தான்.

தெரியவில்லை.

நாலா? ஐந்தா?

உள்ளே அது எண்ணாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வள்ளத்தின் ஓரப் பலகையில் அவன் பார்வை விழுந்தது. இறங்குவதற்கு முன் இஞ்ஞாசி அங்கேதான் கையை ஊன்றி, "பெரிய சங்கா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன் மச்சான்" என்று சிரித்தான். ஊன்றிய கை ஈரமாகப் பதிந்தது. ஒவ்வொரு முங்கலுக்கும் பதியும். ஏறி வரும்போது அதே ஈரத்தின் மேல்தான் திரும்பவும் கை வைப்பான்.

பலகை காய்ந்திருந்தது.

ஐந்து விரல் தடமும் உப்பாக வெளுத்துக் கிடந்தன.

இழுத்தான்.

எப்போதும் பாதிப் பாரம்தான் இருக்கும். மீதியை இஞ்ஞாசி காலால் உந்தி உந்தித் தானே சுமந்து வருவான். இன்று முழுப் பாரமும் கயிற்றில் வந்தது. கீழிருந்து ஒரு வெட்டு இல்லை. ஒரு குமிழி இல்லை.

ஒரு பாகம். இரண்டு பாகம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. கயிறு சிவந்து வள்ளத்துக்குள் விழுந்தது. "இஞ்ஞாசி" என்று கத்த வாயைத் திறந்தான்.

வாயில் வந்தது பெயர் இல்லை.

இப்பொழுதும், எங்கள் மரண வேளையிலும்.

நிறுத்தப் பார்த்தான். பல்லைக் கடித்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டான். மூச்சை விட்டதும் அது விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அவன் அழுதான். அழுகைக்கு நடுவிலும் அது சீராக, பதறாமல், அழகாக ஓடியது.

நாலாவது பாகம் கைக்கு வந்தது.

கரையில் செலஸ்தீனா இந்நேரம் சோற்றில் கை வைத்திருப்பாள்.