ஞாயிற்றுக்கிழமை போன்

"அவ பேரு என்னங்க?" என்று கேட்டாள் பரிமளா.

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தாள். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் அவள் புருஷன் திருமுருகன் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த பூத்துக்குத்தான் கூப்பிடுவான்.

போன வாரம் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டான். அவன் சாப்பிடும் கடையில் பரிமாறுகிற மலாய்க்காரி நாலு வார்த்தை தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறாளாம். இவனைக் கண்டால் 'சாப்டியா' என்று கேட்கிறாளாம்.

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு வாரம் முழுக்கப் பரிமளாவை விடவில்லை. முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கும்போதும் காதில் கேட்டது, அடுப்படியில் நிற்கும்போதும் கேட்டது.

பேரைக் கேட்டதும் அந்தப் பக்கமிருந்து பதில் வரவில்லை.

அவள் விடவில்லை. பேர் தெரியாமலா அப்படிச் சிரித்தீர்கள் என்றாள். கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா என்றாள். இங்கே ஒருத்தி உங்களை நம்பி உட்கார்ந்திருக்கிற நினைப்பு இருக்கிறதா என்றாள்.

பிறகு குரல் மெல்லத் தணிந்தது. மகளுக்கு முன்பல் விழுந்ததைச் சொன்னாள். மாடு சினையாக இருப்பதைச் சொன்னாள். நடுவில் ஒருமுறை சிரிக்கவும் செய்தாள்.

சிரிக்கும்போது தலையில் இருந்த கனகாம்பரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போனில் பூ தெரியாது.

கண்ணாடிக்கு வெளியே பூத்துக்காரன் அறிவரசன் உட்கார்ந்திருந்தான். யார் வந்தாலும் ரிசீவரைத் துணியால் துடைத்துத் தருகிறவன். பங்குனி வெயிலில் ஒருநாள் அவள் கூண்டுக்குள் வேர்த்து வழிய நின்றபோது, கேட்காமலே கதவைத் திறந்துவிட்டு, தன் மேஜை ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

அவன் செய்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் அவளுக்குத் திங்கட்கிழமையிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை நினைப்பு வந்துவிடும்.

இன்றைக்கும் ஃபேன் அவள் பக்கம்தான் இருந்தது.

மேஜைமேல் இருந்த இன்னொரு போன் அடித்தது. அறிவரசன் எடுத்துக் காதில் வைத்தான். கேட்டுக்கொண்டே கூண்டைத் திரும்பிப் பார்த்தான். பரிமளா பேசிக்கொண்டுதான் இருந்தாள். போனில் என்னவோ தயங்கித் தயங்கிச் சொன்னான். எழுந்து கூண்டுக் கதவண்டை வந்தான்.

"அக்கா, அண்ணன் அந்த லைன்ல இருக்காருங்க. இது அப்பவே கட்டாயிடுச்சாம்."

அது பரிமளாவுக்குத் தெரியும்.

பேரைக் கேட்ட நொடியிலேயே லைன் போய்விட்டது. காதுக்குள் கொய்யென்ற சத்தம் மட்டும்தான். ரிசீவரை வைத்தால் வெளியே வரவேண்டும். வந்தால் பஸ் ஏற வேண்டும். வைக்க மனசு வராமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தாள். காது மடலெல்லாம் தீயாகச் சுட்டது. அறிவரசன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேஜைமேல் இருந்த போனை எடுத்தாள்.

"கட்டானதுகூடத் தெரியாமயா புள்ள எங்கூட பேசிக்கிட்டிருந்த?" என்றான் திருமுருகன். "பூத்துக்காரத் தம்பி சொல்லுச்சு. கேட்டதும் என்னமோ ஆயிப்போச்சு எனக்கு."



அந்த மலாய்க்காரிக்குத் தன் அம்மா வயது என்றான் அவன். பேரன் பேத்தி எடுத்தவள் என்றான். விளையாட்டாகச் சொன்னது உன்னை இந்தப் பாடுபடுத்தும் என்று தெரியாமல் போயிற்றே என்றான். எப்பாடுபட்டாவது வீட்டுக்கே ஒரு போன் போட்டுவிடலாம், இனிமேல் நீ பஸ் பிடித்து வந்து கால்கடுக்க நிற்க வேண்டாம் என்றான்.

வாசல் கண்ணில் படாதபடி பரிமளா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சீக்கிரம் போட்டுடுங்க."

அதைக் கேட்டு அந்தப் பக்கம் அவன் அழுதேவிட்டான்.