காவல்காரன் சொன்னது

திரையில் ஈட்டியோடு நின்ற காவல்காரன் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அமஸ்தான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"உக்காருய்யா, மறைக்குது!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

உட்கார்ந்தான். ஒன்றும் விளங்கவில்லை.

வெள்ளைக்காரர் நாட்டு மர்செய் துறைமுகத்தில் அவனோடு மூட்டை தூக்கும் ஒனொரேதான் இந்தப் பேசும் படத்துக்கு இழுத்துவந்தவன். சகாராவில் தொலைந்துபோன ஒரு ராஜ்யம், அதற்கொரு சாகாத ராணி. உங்க ஊரு ராணியாமே, உனக்கு சித்தி முறையா என்று வழியெல்லாம் கிண்டல் வேறு.

அப்படியொரு ராணியைப் பற்றி அமஸ்தான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அரண்மனை வாசல் என்று காட்டிய பாறை, அவன் ஒட்டகம் மேய்த்த பாறை. முகத்தை மூடிக் கண்ணை மட்டும் காட்டி நின்ற காவல்காரர்கள் அவனுடைய ஜனங்கள்.

அந்தப் பக்கம் அவன் தலைவைத்துப் படுத்து நான்கு வருடமாகிறது. யார் ஒட்டகம் முதலில் தண்ணீர் குடிப்பது என்று கிணற்றடியில் ஓர் அற்பச் சண்டை. இவன் தள்ளினான். அத்தை மகன் கல்லில் மண்டை மோதி விழுந்தான், அசையவில்லை. ரத்தத்தைப் பார்த்ததும் ஓடியவன் கடல் தாண்டித்தான் நின்றான்.

அன்றிலிருந்து அத்தை மகனின் பெயரை அவன் உச்சரித்ததில்லை. இறந்தவர்களின் பெயரை அவனுடைய ஜனங்கள் சொல்வதில்லை. சொன்னால் எழுந்து வந்துவிடுவார்கள்.

இப்போது சொல்லாமலேயே வந்துவிட்டானே! காவல்காரனின் முகத்துணிக்குள்ளிருந்து மூக்கால் இழுக்கும் அவனுடைய அதே குரல். செத்தவனின் பேய்தான் என்று அமஸ்தான் நாற்காலியில் ஒடுங்கிக்கொண்டான்.

திரையில் காவல்காரன் இன்னும் முடிக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரியின் முன்னால் ஈட்டியை ஓங்கி, அரங்கில் அமஸ்தானுக்கு மட்டுமே புரிகிற அவர்கள் பாஷையில் முழங்கினான்.

"டேய் அமஸ்தான், ஒட்டக மூஞ்சி! எதையாவது கத்துன்னு இந்தப் படக்காரனுங்க சொன்னானுங்க, அதான் உன்னைக் கூப்புடுறேன். மண்டை உடைஞ்சா செத்துருவாங்களாடா? நீ எந்த ஊர்ல கெடக்கியோ, உங்கம்மா தெனமும் உன் பங்குப் பாலை எடுத்துவெச்சுட்டு உக்காந்திருக்கா. வந்து தொலைடா மச்சான்!"

பேய் மிரட்டும். இப்படித் திட்டாது. இப்படித் திட்டுகிற உரிமை அத்தை மகனுக்கு மட்டும்தான்.

திரையில் அதிகாரி வெலவெலத்து, "என்ன சொல்றான்?" என்று வழிகாட்டியிடம் கேட்டான்.

"இங்க வந்தவன் எவனும் வீடு திரும்ப முடியாதாம், துரை."

அரங்கமே மூச்சை அடக்கியது. ஒனொரே அமஸ்தானின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அமஸ்தானின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னடா, பயந்துட்டியா?"

அழுகிறோமா சிரிக்கிறோமா என்று அமஸ்தானுக்கே தெரியவில்லை. மறுபடியும் எழுந்து நின்றான். பின்வரிசைக்காரர் கத்தியது காதில் விழவில்லை.

திரையைப் பார்த்து, உரக்க, நான்கு வருடமாக உச்சரிக்காத அந்தப் பெயரைச் சொன்னான்.

"கெனான்!"