வேவு பார்க்க வந்தவள்

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்த அம்மாள் வாசலில் நின்றாள்.

"இதான பொம்பளையும் பொம்பளையும் குடும்பம் நடத்துற வீடு?"

பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். கதவைத் திறந்த ஃபிளோராவுக்கு முகம் சுண்டிப்போனது.

பாரோயில் அந்த வாடகை வீட்டுக்கு ஃபிளோராவும் முத்துலெட்சுமியும் குடிவந்தது எண்பத்தெட்டில். அவர்களைப் போலவே சிரம்பானில் சோடியாக வாழ்ந்த பெண்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடுவார்கள். கூடினால் சும்மா இருக்க மாட்டார்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்து, கவனிக்க ஆளில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோவார்கள். அவர்களுடைய அழுக்குத் துணிகளை எடுத்து வந்து அலசிக் கொடுப்பார்கள்.

"நீங்க யாருங்க?"

"பேரு தாயம்மா. கோலா சாவா பக்கம் தோட்டத்துல பால்மரம் வெட்டுறேன். ஆஸ்பத்திரி சனத்துக்கு ஒத்தாச பண்றீங்களாம்ல? பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

முத்துலெட்சுமி ஃபிளோராவைக் குசினிக்குள் இழுத்தாள். "யாரோ வேவு பாக்க அனுப்பியிருக்காங்க லா. முந்தி இருந்த வீட்டுக்கும் இப்படித்தான் ஒருத்தி வந்து பாத்துட்டுப் போனா. மறு வாரமே வீட்டுக்காரன் சாமான தூக்கி ரோட்டுல போட்டான். ஞாபகம் இருக்கா?"

"வெரட்டுனா இன்னும் சூசா, வம்புதான் வரும். பாத்துட்டுப் போவட்டும்."

தாயம்மா நிதானமாகவே பார்த்தாள். அரிசித் தோம்பைத் திறந்து பார்த்தாள். சாமி படத்தையும் பக்கத்திலேயே தொங்கிய சிலுவையையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளறையில் ஒரே கட்டிலில் இரண்டு தலையணைகள் கிடந்தன. "சீ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஃபிளோரா கோப்பி கலக்கி நீட்டினாள்.

"இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

ஃபிளோரா கோப்பையை மேசையில் வைத்தாள்.

பின்கட்டில் நாற்றம் வீசியது. டெட்டால் ஊற்றியும் அடங்கவில்லை. சீழும் மலமும் காய்ந்து ஒட்டிய துணிகளைப் பெண்கள் குழாயடியில் கசக்கிக்கொண்டிருந்தார்கள். தாயம்மா சாக்கடை ஓரமாகக் குனிந்து ஓங்கரித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஓரத்தில் குந்தியிருந்த ஒருத்தியிடம் வந்து நின்றாள்.

"ஒம் பேரு என்னா?"

"டோரின்."

"இது யாரு துணி?"

"ரந்தாவ்லருந்து வந்த தாத்தாவோடது ஆண்ட்டி. முதுகெல்லாம் புண்ணு."

"ஒனக்கு ஒறவா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இந்தப் பீய அள்ளுற? ஒனக்குக் கொமட்டலயா?"

"கொமட்டுது." டோரின் முகத்தைத் திருப்பி எச்சில் துப்பிவிட்டு, மறுபடியும் வாளிக்குள் கையை விட்டாள். "அவரு அதுலேயே படுத்துக் கெடக்காரு. அவருக்கும் கொமட்டும்ல?"

தாயம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னா வேல பாக்குற?"

"டயர் கடையில கிராணி. கணக்கு எழுதுறேன்."

"குடிப்பியா?"

"இல்ல."

"கோவம் வந்தா கை நீட்டுவியா?"

டோரின் ஃபிளோராவைப் பார்த்தாள். அதற்குமேல் முத்துலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"போதும்மா! எங்களப் பாத்தா அசிங்கமா இருந்தா வெளிய போங்க. போயி யார்கிட்ட வேணுனாலும் சொல்லுங்க. அவள என்னாத்துக்குப் போலீஸ் மாதிரி நிக்க வச்சிக் கேக்குறீங்க?"

குழாயை யாரோ மூடினார்கள்.

"அசிங்கமாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்," என்றாள் தாயம்மா. "அந்தக் கட்டிலப் பாத்ததும் எனக்கு ஒடம்பே கூசிப்போச்சி. இன்னும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

முத்துலெட்சுமி வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

தாயம்மா நகரவில்லை. "போன வாரம் எங்க தோட்டத்துல வேல வாங்குற மாண்டோர் வீட்டுக்குப் போயிருந்தேன். சம்பந்தம் பேசணும்னு எம் புருஷன்தான் இழுத்துக்கிட்டுப் போனான். நல்ல பெரிய வீடு. டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கு. அவரு மகன் தண்ணியப் போட்டுட்டு வந்து, எங் கண்ணு முன்னால பெத்தவள எட்டி ஒதைக்கிறான். அப்பன்காரன் பாத்துச் சிரிக்கிறான். கூட உக்காந்து எம் புருஷனும் சிரிக்கிறான். அந்தம்மா ஒண்ணும் நடக்காத மாதிரி எந்திரிச்சி எனக்குப் பலகாரம் எடுத்துட்டு வருது. வாயில ரத்தம்."

அவள் தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். "அங்க வந்துச்சு பாரு ஒரு கொமட்டலு. அது இன்னும் எனக்கு அடங்கல."

"அத ஏன் எங்ககிட்ட வந்து சொல்றீங்க?" என்றாள் ஃபிளோரா மெதுவாக.

தாயம்மா டோரினின் தோளைத் தொட்டு எழுப்பி, முகத்துக்கு நேராக நின்று கேட்டாள்.

"ஒங்கூடத்தான் இருப்பேன்னு நிக்கிற எம் பொண்ண எப்பம்மா வந்து கூட்டிக்கிட்டுப் போற?"