நாலாயிரத்து இருநூறில் ஒரு பள்ளம்

பாஸ்வேர்டு கேட்கவில்லை.

காரின் இன்ஜின் கம்ப்யூட்டரில் அவர் கேபிளைச் செருகியதுமே லேப்டாப் திரையில் எல்லாம் திறந்துகொண்டன.

முதல் அவமானம் அதுதான்.

கார் இன்ஜினை ட்யூன் பண்ணும் இந்தத் தொழிலில் எல்லோரும் பூட்டுவார்கள். ஒருவர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிப் போட்ட கணக்கை இன்னொருவர் ஓசியில் பார்த்துவிடக் கூடாது. ஜெஸிந்தா பூட்டவில்லை. பார்த்தால் பார்த்துக்கொள் என்று கதவை அகலத் திறந்துபோட்டிருந்தாள்.

முன்பு அவரிடம் வேலை பார்த்தவள். இப்போது சூலூர்ப் பக்கம் சொந்த ஷெட். அங்கே வாசலில் எத்தனை கார் நிற்கிறது என்பது அவருக்கு நாள் தவறாமல் வந்துவிடும். கேட்காமலே சொல்ல ஆட்கள் இருந்தார்கள். சொல்லாதவர்களிடம் அவரே கேட்டுக்கொண்டார்.

"அவங்க பண்ணுனதுங்ணா. நல்லாத்தான் ஓடுது. இருந்தாலும் நீங்க ஒருக்கா பாத்துட்டீங்கன்னா மனசுக்குத் திருப்தி."

பக்கத்து சீட்டிலிருந்து நவநீதன் சொன்னான். காரின் சொந்தக்காரன். அவனுடைய அப்பாவின் பண்ணைக் கோழிகள் இட்ட முட்டைகளெல்லாம் பானெட்டுக்குள் டர்போவாக உட்கார்ந்திருந்தன.

அடுத்தவர் செய்த வேலையைப் பார்த்தால் முதலில் உச்சுக்கொட்ட வேண்டும். கொத்தனார் முதல் பல் டாக்டர் வரை அதுதான் மரபு.

அவர் கொட்டினார்.

பிறகுதான் படித்தார்.

திரை முழுக்கக் கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எண். இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றும்போது, டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்கும்போது, பொறி எப்போது தட்ட வேண்டும் என்று.

பாவி. இழைத்திருக்கிறாள்.

அவருடைய விசிட்டிங் கார்டில் 'ட்யூனிங் சக்கரவர்த்தி' என்று பொன்னெழுத்தில் இருந்தது. சக்கரவர்த்திக்கு வயிறு எரிந்தது.

ஒரு தப்பாவது இருக்கும். வரிசை வரிசையாக இறங்கினார்.

இருந்தது.

நாலாயிரத்து இருநூறு சுற்றில் எண்கள் தடாலென்று இறங்கி, அடுத்த கட்டத்திலேயே மறுபடி ஏறின. வழவழப்பான தார் ரோட்டில் ஒரு பள்ளம்.

கடவுள் இருக்கிறார்.

"இங்க பாரு தம்பி. கை தவறி அடிச்சு வெச்சிருக்கா."

பள்ளத்தை நிரப்பினார். அக்கம்பக்கத்து எண்களுக்குச் சமமாக, மட்டமாக. பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது.

ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. கார் ஏற்கெனவே ரோலர் மேல் ஏறி நின்றது. சக்கரம் சுழலும், வண்டி நகராது. இன்ஜினில் ஒட்டிய மைக்கிலிருந்து இரண்டு ஹெட்போன்கள் வந்தன. உள்ளே பெட்ரோல் நேரம் தவறி வெடித்தால் முதலில் காதுக்குத்தான் தெரியும்.

ஒன்று அவருடையது.

மற்றது இத்தனை நாளும் ஆணியில் தொங்கியபடி தூசி படிந்து கிடந்தது. ஜெஸிந்தா போன பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. இன்று நவநீதன் அதைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

மூவாயிரம். நாலாயிரம்.

தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம்.

காலை எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் மிதித்திருந்தால் பிஸ்டனைக் கூடையில்தான் அள்ள வேண்டும்.

இந்தச் சத்தத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். கேட்டுத்தான், பொறி அங்கே சற்றுத் தாமதமாகத் தட்டட்டும் என்று பள்ளம் வெட்டியிருக்கிறாள்.

"ஐயோ, என்னங்ணா அது?" நவநீதனின் முகம் வெளுத்துவிட்டது.

சொல்லிவிடலாம். என் தப்பு. இரண்டே வார்த்தைதான்.

வாயைத் திறந்தார்.

"இதத்தாஞ் சொன்னேன். அவ வெச்ச கோளாறு."

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எடுத்த நகையை எடுத்த இடத்திலேயே வைக்கிறவரின் கவனத்தோடு அவளுடைய எண்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார்.

மறுபடி மிதித்தார்.

மூவாயிரம். நாலாயிரம். ஐயாயிரம். நெய்யில் கத்தி இறங்குவது போல ஏறியது.

"சுத்தமாயிருச்சுங்ணா! நீங்க கை வெச்சா வெச்சதுதான்!"

தலையை லேசாகச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார். இன்ஜினை அணைத்தார். பாஸ்வேர்டும் போட்டார். அடுத்தவர் கட்டிய வீட்டுக்குத் தன் பூட்டு.

"தெரியாதவங்க யாரும் கை வெச்சுரக் கூடாதில்ல."

நவநீதன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு இறங்கினான். நல்ல பையன். ஒருவருக்கு நல்லது நடந்தால் இன்னொருவருக்கும் நடக்கட்டும் என்று நினைக்கும் ஆபத்தான வகை.

ஷெட் வாசலில் நின்று போனைக் காதில் வைத்தான்.

"ஜெஸி அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கும் தெரிஞ்சா நல்லதுன்னுதான் கூப்பிட்டேன். நாலாயிரத்து எரநூறுல ஒரே கல்லு உருள்ற சத்தமுங்க. அண்ணன்தான் சரி பண்ணிக் குடுத்தாரு."

கேட்டுக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க்கா. மொதல்ல ஓட்டல. அந்தப் பள்ளத்த நெரப்புனாரு. அதுக்கப்பறந்தான் ஓட்டுனது."

மறுபடி கேட்டான். இந்த முறை கொஞ்சம் நீண்ட நேரம்.

பிறகு மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தான். காருக்கு வந்து, ஜன்னல் வழியே போனை நீட்டினான்.

"அண்ணா. உங்ககிட்ட பேசோணுமாமா."

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை.

இன்ஜின் எப்போதோ ஓய்ந்திருந்தது. ரோலர்கூட நின்றுவிட்டது. மிக நுணுக்கமான எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர் போல அவர் கண்களை மூடிக்கொண்டார்.