ஊக்கு மாட்டிய செருப்பு

பட்டாசு ஆலை வெடித்த அன்று, கரிந்த உடல்களைப் படமெடுக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரன் ஞானதுரைக்குக் கை வரவில்லை. வாசலில் பெண்கள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் படமெடுத்தான். பேப்பரில் அதுதான் வந்தது. நாலாம் நாள் அந்தப் பேப்பரோடு பேச்சித்தாய் அலுவலகம் தேடி வந்தாள்.

"எம்மக செல்வக்கனி அன்னைக்கு வேலைக்கே வரலன்னு ஆலைக்காரக சாதிக்கிறாக சார். இந்தா கெடக்கு பாருங்க, ஊக்கு மாட்டுன செருப்பு. வார் அந்துபோச்சுன்னு நாந்தான் மாட்டிவிட்டேன்."

படத்தைப் பெரிதாக்கினான். ஊக்கு தெளிவாகத் தெரிந்தது. கலெக்டரிடம் காட்டச் சொல்லி ஒரு பிரதி கொடுத்தான். அவள் நகரவில்லை.

"வீட்டுல மாட்ட இன்னொண்ணு தாங்க சார். அவளுக்குன்னு வேற போட்டோ இல்ல."

"மத்த செருப்பையெல்லாம் படத்துலருந்து எடுத்துரட்டுமாம்மா?"

"வேண்டாம் சார். அவகூட வேல பாத்த பிள்ளைக. கூடவே இருக்கட்டும்."