பதினேழாம் நம்பர் கார்டு

"பதினேழு மட்டும் இல்லீங்கண்ணே. மிச்சம் இருபத்து மூணும் இருக்குது. கையில எடுத்தே பாருங்க."

சோஹைல் தன் ஆல்பத்தைத் தவிட்டு மூட்டையின் மேல் விரித்து வைத்தான். கம்பைநல்லூர் மாட்டுத் தீவனக் கடையில் உட்கார்ந்திருந்த முனிராஜ், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கடலைமிட்டாய் கம்பெனி, பாக்கெட்டுக்கு ஒன்றாகப் போட்டுக் கொடுத்த கார்டுகள் அவை. மாவட்டத்தின் இருபத்து நாலு கபடி டீம்கள். இருபத்து நாலு கேப்டன்கள். முன்பக்கம் போட்டோ, பின்பக்கம் சாதனை. முழு செட்டும் சேர்த்தால் ஒரு பனியன் பரிசு. பனியன் அதிகம் போய்விடக் கூடாதே என்று பதினேழாம் நம்பரை மட்டும் கம்பெனி அத்தி பூத்தாற்போலத்தான் போட்டது.

"பொன்னாட்டம் வெச்சிருக்கீங்களே பாய். இவன் பாருங்க, ஏரியூர்க்காரன். காலைப் புடிச்சான்னா ஆளை நகரவே வுடமாட்டான். இப்ப அவனுக்கே ரெண்டு முட்டியும் மாத்தியாச்சு."

"நான் ஜெர்சி தெக்கிற டெய்லருங்கண்ணே. ஞாயித்துக்கிழமை தருமபுரியில டோர்னமெண்ட். முழு செட்டையும் அங்க பார்வைக்கு வெக்கிறோம்னு நோட்டீஸே அடிச்சிட்டாங்க. அதை நம்பி நானும் தலையாட்டிட்டேன். பதினேழு இல்லாமப் போய் நின்னா என் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது? அந்தப் பதினேழு நீங்கதான்."

செட்டோடு வந்த பட்டியலை எடுத்து அவன் படித்தான். "பதினேழு. முனிராஜ், கம்பைநல்லூர். ஒரே ரெய்டில் ஐந்து பேரை அவுட்டாக்கிய சூரர்." நிமிர்ந்து பார்த்தான். "அஞ்சு பேரு! டிவியில வர்றவங்களே இதுக்குத் தடுமாறுறாங்க. எப்படிங்கண்ணே செஞ்சீங்க?"

"கார்டுல போட்டிருக்கறதை எல்லாம் எங்கிட்டக் கேக்காதீங்க பாய். டீ சொல்றேன், குடிங்க."

"ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"ஆடுனப்ப ஆடியாச்சு. வுடுங்க."

சோஹைலுக்கு மரியாதை இன்னும் கூடிப்போயிற்று. இப்போதெல்லாம் ஒருத்தனைத் தொட்டுவிட்டு வந்தாலே தொடையைத் தட்டிக்கொண்டு கேமராவைத் தேடுகிறார்கள். இந்த மனுஷனோ ஐந்து பேரைக் கவிழ்த்துவிட்டுத் தவிட்டு மூட்டையை நகர்த்திக்கொண்டு பேச்சை மாற்றுகிறார்.

"உங்ககிட்ட ஒன்னுகூட இல்லீங்களா?"

"எனக்கெதுக்கு? எனக்குத் தெரிஞ்சு ஒன்னுதான் மிச்சம். சித்தேரியில நிர்மலான்னு ஒரு பொண்ணு. எங்க டீம்ல ஆடுன மாதையனோட தங்கச்சி. அவ வூட்ல இருக்குது."

"அப்ப நீங்களும் கூட வாங்கண்ணே. கேப்டனே வந்து கேட்டா குடுத்துருவாங்க."

"குடுத்துருவா. அதனாலதான் நான் வரல."

சொந்தப் படத்தைக் கேட்டுக்கொண்டு வீடு வீடாக அலையக் கூச்சப்படுகிறார் என்று சோஹைல் நினைத்துக்கொண்டான். அந்தக் கூச்சமும் அவனுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் மலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு சித்தேரி போய்ச் சேர்ந்தான். சாமை புடைத்துக்கொண்டிருந்த நிர்மலாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும்.

"முனிராஜ் அண்ணன் கார்டுங்களா? இருக்குது தம்பி. ஆனா தர்றதுக்கில்ல."

"அக்கா, சும்மா கேக்கலீங்க. உங்க ஊரு டீமுக்கே ஜெர்சி தெச்சுத் தரேன். காசு வேண்டாம்."

"எங்க ஊர்ல ஏழு பேரைச் சேக்கறதே கஷ்டம். பசங்க எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனியில கெடக்கறானுங்க. அவனுங்களுக்கு எதுக்குங்க பனியன்?" சிரித்தவள், முறத்தைக் கீழே வைத்தாள். "முனிராஜ் அண்ணன் கேக்கச் சொன்னாருங்களா? அவரு கேட்டாருன்னா சொல்லுங்க. அவருக்கு இல்லேன்னு சொல்ற வாய் எனக்கில்ல."

சோஹைல் ஞாயிற்றுக்கிழமையை நினைத்தான். அடித்து ஒட்டிய நோட்டீஸை நினைத்தான். ஆல்பத்தில் காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தை நினைத்தான்.

"ஆமாங்கக்கா. அவருதான் கேட்டாரு."

நிர்மலா எழுந்தாள். உள்ளே போய் முக்காலி போட்டு ஏறும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பெரிய கண்ணாடிச் சட்டம். அதன் நடுவில் தீப்பெட்டி அளவில் அந்தக் கார்டு. கண்ணாடியில் குங்குமப் பொட்டு. சட்டத்தைச் சுற்றி வாடிய சாமந்தி மாலை.

சோஹைல் பதறிப்போனான். "என்னங்கக்கா இது? உசுரோட இருக்கறவருக்கு மாலை போட்டு வெச்சிருக்கீங்க? நேத்துகூட அவர் கடையில உக்காந்து டீ குடிச்சேன்."

"நல்லாப் பாருங்க தம்பி."

பார்த்தான். கீழே முனிராஜ் என்ற பெயர்தான் இருந்தது. மேலே இருந்தது வேறு ஒரு முகம்.

"எங்கண்ணன் மாதையன். அந்த அஞ்சு பேரையும் அவுட்டாக்குனது அவந்தான். கேப்டன் படம் மட்டுந்தான் போடுவோம்னு கம்பெனிக்காரங்க புடிவாதமா நின்னப்ப, 'இவந்தான் முனிராஜ்'னு சொல்லி எங்கண்ணனைக் கேமரா முன்னால தள்ளிவுட்டவரு முனிராஜ் அண்ணன். அடுத்த மாசமே அண்ணன் தேனெடுக்கப் போயி பாறையில இருந்து வுழுந்துட்டான். அவனை எடுத்த போட்டோ இது ஒன்னே ஒன்னுதாங்க, முனிராஜ் அண்ணந்தான் கொண்டாந்து குடுத்தாரு. இந்தாங்க, புடிங்க. குடுத்தவரே கேக்கறப்ப நான் என்னத்தச் சொல்றது?"

"அவரு கேக்கலீங்கக்கா" என்ற சோஹைல், சட்டத்தைத் திருப்பி மாட்ட ஆணி எங்கே என்று சுவரைப் பார்த்தான்.